துயரைச் சொல்லும் மொழி

உரையாடலே மருந்தாகும் மனச்சிகிச்சையில், மருத்துவருக்கும் அவரை நாடி வந்தவருக்கும் இடையே அமையும் உறவே முதற்பொருள். கேட்பவரின் வாய்மை, பரிவு, நிபந்தனையற்ற மதிப்பு ஆகியவையே மாற்றத்தை விளைவிப்பன என்று அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ராஜர்ஸ் 1957-இல் எழுதினார். நம் நாட்டு மனமருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேகியோ, 1973-இல் குரு-சீட உறவை இச்சிகிச்சைக்கு ஒரு முன்மாதிரியாக ஆராய்ந்தார். நமக்கு இதில் ஓர் ஐயம் உண்டு. குருவின் முன் சீடன் மறுத்துப் பேசுதல் அரிது. சிகிச்சையிலோ மறுப்பும் சினமும்கூடச் சொல்லப்பட வேண்டியவை.

அவ்வாறு சொல்வதற்கு மொழி வேண்டுமே! வெளிமாநிலத்தில் வாழும் நாம் அலுவலகக் கோப்புகளை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிவிடுகிறோம். ஆனால் அச்சத்தால் 'வயிற்றைக் கலக்குகிறது' என்பதை எவ்வாறு பெயர்ப்பது? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் இங்கே திகைக்கிறோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், வயிற்று நோய்க்கு மருந்து எழுதித் தந்துவிடுவார்கள்!

ஆகவே, தமிழறிந்த மருத்துவர் உளரா என்று முதலிலேயே வினவத் தயங்க வேண்டுவதில்லை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம். சொன்னது வெளியே பரவுமோ என்று அஞ்சுவோர் பலர். சிகிச்சைச் செய்திகளை மறைவாகக் காக்குமாறு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பணிக்கிறது. உயிருக்கு ஆபத்து நேரும் நிலை போன்ற சிலவே அதற்கு விலக்கு.