பட்டறையில் வைத்த வெங்காயமும் மனசில் வைத்த விலையும்

எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. வெங்காய விலையில நான் பட்டதைச் சொல்லச் சொன்னாங்க, சொல்றேன்.

2019 கார்த்திகை, மார்கழியில சின்ன வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மகாராஷ்டிரா, கர்நாடகாவில மழையில பயிர் அழிஞ்சு போச்சு. செப்டம்பர் 29-லயே மத்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டும் விலை இறங்கல. பட்டறை போட்டு வச்சிருந்தவங்க காசு பார்த்தாங்க. அதைப் பார்த்துத்தான் தை மாசம் நானும் நட்டேன். விதை வெங்காயமே கிலோ 90. குழுவுல 30,000 கடன் வாங்கி அரை ஏக்கர் போட்டேன். நடும்போது இருந்த விலையை வச்சே லாபக் கணக்குப் போட்டேன். அறுவடைக்கு 70 நாள் ஆகும், இதே கணக்கை ஊரே போட்டிருக்கும்னு தோணல.

பங்குனியில வெங்காயத்தைப் பிடுங்கும்போது ஊரடங்கு. கிட்டத்தட்ட 2 டன் இருந்துச்சு. சித்திரையில ஒரு வியாபாரி வாசலுக்கே வந்து கிலோ 30-க்குக் கேட்டார். கொடுத்திருந்தா கடன் அடைஞ்சு கையிலயும் நின்னிருக்கும். ஆனா என் மனசு நூறுலயே நின்னுச்சு. கிலோவுக்கு எழுபது ரூபா நட்டம்னு நினைச்சேன், வராத காசை வந்து போன காசு மாதிரி! வீட்டுக்காரர் பாதியையாவது போடலாம்னார். கேக்கல. வைகாசியில 25-க்குக் கேட்டாங்க. 30-க்கே கொடுக்காதவ 25-க்கா கொடுப்பேன்? ஆடியில பட்டறையில அழுகல் நாத்தம். கழிச்சது போக 1,100 கிலோ தேறுச்சு. 18-க்குத் தள்ளினேன். 20,000 கூட முழுசா வரல.

வயித்தெரிச்சலைக் கேளுங்க. ஐப்பசியில விலை திரும்ப ஏறிடுச்சு. இன்னும் மூணு மாசம் வச்சிருக்கலாமோன்னு நினைச்சேன். அழுகினதைக் கூடை கூடையா அள்ளிக் கொட்டின எனக்கே அப்படித் தோணுச்சு.

மழை, திருகல் நோய், தடை, ஊரடங்கு, இதுல எதை யாரு முன்கூட்டிச் சொன்னாங்க? விலை ஏறும்னு சொல்றவங்க எந்த மாசம்னு சொல்றதில்லை. சொன்னாலும் அதுவரைக்கும் வெங்காயம் தாங்கணும், தவணையும் கட்டணும்.

அந்தக் கடனை அடைக்கக் களை வெட்டப் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. குழுவுல யாரும் திட்டல. ஆனா அதுக்கப்புறம் வெங்காயக் கடன் கேட்டா ஒரு கேள்வி கேக்கறாங்க: "கிலோ 15-க்குப் போனா தவணையை எதுல கட்டுவே?" பதிலைத் தீர்மானப் புத்தகத்துல எழுதிடறாங்க. கடனுக்கு வேண்டிய அளவை அறுத்த உடனே வித்துடணும், மிச்சம்தான் பட்டறைக்கு.

போன கூட்டத்துல நானே 15,000 கேட்டேன். பால் காசுல கட்டுவேன்னு சொன்னேன். "அது பிள்ளை பீஸுக்குப் போகுதே?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. 10,000 தான் கொடுத்தாங்க.