நம் கைப்பேசியில் பிறர் அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வரவு செலவு அறிக்கை வாசித்து முடிந்தது. அடுத்துக் கைப்பேசிப் பழக்கங்களைப் பற்றி உரையாற்றுமாறு நிர்வாகம் பணித்துள்ளது. 'அது கூடாது, இது ஆகாது' என்னும் பட்டியல் வருமென எண்ணி இளைஞர்கள் பின்வரிசைக்கு நகர்வதைக் காண்கிறோம். அஞ்ச வேண்டாம். ஜனாஸா அறிவிப்பும், இரத்தம் வேண்டி விடுக்கும் அழைப்பும் இன்று அதன் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. வளைகுடாவில் பணிபுரியும் தந்தை தம் குழந்தையின் முதல் நடையைக் காண்பதும் அதில்தான். ஆகவே அதைக் குறை கூற நாம் நிற்கவில்லை. நம் கைப்பேசியில் நம்முடைய செய்திகள் மட்டும் இல்லை, பிறருடைய செய்திகளும் அமானிதமாக இருக்கின்றன என்பதையே எடுத்துரைக்க விழைகிறோம்.

உம்ராவுக்குப் புறப்படும் குடும்பத்தை வழியனுப்பச் செல்கிறோம். விமான நிலைய வாயிலில் எடுத்த படம், அவர்கள் உள்ளே நுழையும் முன்பே மூன்று குழுக்களில் வந்துவிடுகிறது. காண்போர் துஆச் செய்வர், உண்மைதான். அந்த வீடு பதினைந்து நாட்கள் பூட்டிக் கிடக்கும் என்பதையும் அதே படம் ஊருக்குச் சொல்லிவிடுகிறது. படத்தில் இருப்பவர் ஒருவர், எடுத்தவர் மற்றொருவர், பரப்பியவர் வேறொருவர். இசைவு கேட்கப்பட்டவர் எவருமில்லை.

ஒருவர் செய்வது மற்றவரை எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதற்கு 2018ஆம் ஆண்டு வெளியான கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் சான்று. முகநூலில் ஆளுமைச் சோதனை என்னும் பெயரில் உலவிய செயலி ஒன்றைத் தம் கணக்குடன் இணைத்துக்கொண்டவர்கள் இந்தியாவில் 335 பேர் மட்டுமே என அந்நிறுவனமே கூறியது. ஆனால் நட்பு வட்டத்தின் வழியாகத் தகவல் வெளியேறியிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,120 பேர்! இவர்கள் எந்தச் சோதனையிலும் கலந்துகொள்ளவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அவர்களுடைய நண்பர் ஒருவர் அழுத்தினார், அவ்வளவே.

தொழுகை நேரம் காட்டும் செயலிகளும் இதற்கு விலக்கல்ல. 'முஸ்லிம் ப்ரோ' செயலியைப் பயன்படுத்துவோர் இருக்கும் இடம் பற்றிய தகவல்கள் எக்ஸ்-மோடு என்னும் தரவு வணிக நிறுவனத்திற்குச் சென்றதை 2020 நவம்பரில் மதர்போர்டு என்னும் இதழ் வெளிக்கொணர்ந்தது. அந்த வணிக நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்களும் இருந்தனர். செய்தி வெளியானதும் செயலி நிறுவனம் அத்தொடர்பைத் துண்டித்துக்கொள்வதாக அறிவித்தது. கிப்லாத் திசையை அறிய இருப்பிடம் தேவைதான். 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று அனுமதி அளித்தால் அதற்குப் போதும். நம் பள்ளிவாசல் அச்சிட்டு வழங்கும் நேர அட்டவணை, சுவரில் தொங்கியபடி எவரிடமும் எதுவும் கேட்பதில்லை என்பதையும் நினைவுபடுத்துகிறோம்.

இனி, கூற நா கூசும் ஒன்று. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும், இணையத்தில் கிடைத்த முஸ்லிம் பெண்களின் படங்களைத் திரட்டி, அவர்களை 'ஏலம்' விடுவதாகக் காட்டிய இரு செயலிகள் வெளியாயின. பத்திரிகையாளர்களும் விமானி ஒருவரும் அதில் இழிவுபடுத்தப்பட்டனர். இச்செய்தியைக் கேட்டவுடன், 'பெண்களுக்கு எதற்குக் கைப்பேசி?' என்று நம்மில் சிலர் கேட்டனர். அக்கேள்வியை நாம் ஏற்பதற்கில்லை. குற்றம் திருடியவனுடையது. அப்பெண்களில் பலர் துணிந்து புகார் அளித்ததனாலேயே வழக்குகள் பதிவாயின, கைதுகளும் நடந்தன. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நிக்காஹ் விருந்தில், அனுமதி கேளாமல் பெண்கள் பகுதியைப் படமெடுத்து எவரும் காணும்படி நிலைத்தகவலில் வைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் நாம் என்ன சொல்லியிருக்கிறோம்?

இவையனைத்தையும்விட நம் நெஞ்சை உறுத்த வேண்டியது, ஜமாஅத்தின் பெயரால் நிகழ்வது. ரமளானில் அரிசியும் மளிகைப் பொருட்களும் வழங்குகிறோம். பையை நீட்டும் கை, அதை வாங்கும் விதவைத் தாயின் குனிந்த முகம், பின்னால் பதாகை. இப்படம் அன்று மாலையே குழுக்களில் சுற்றுகிறது. அத்தாயின் மகள் பயிலும் வகுப்பிலும் அது காணப்படும். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பர். காட்டத்தான் வேண்டும். எத்தனை பைகள், என்ன விலை, எங்கு வாங்கியது, எத்தனை குடும்பங்கள் என்பது கணக்கு. வாங்கியவரின் முகம் எந்தக் கணக்குப் புத்தகத்தில் ஏறும்? அடுத்த ஆண்டு, பசி இருந்தும் படத்திற்கு அஞ்சி ஒரு குடும்பம் வாசலோடு திரும்பிவிட்டால், அது நம் அறிக்கையில் இடம்பெறாது.

கல்வி உதவிக்கு விண்ணப்பிப்போரின் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படங்களைத் தன்னார்வலர்கள் எளிமை கருதிக் குழுவிலேயே பதிவிடும் வழக்கமும் பெருகிவருகிறது. வாட்ஸ்அப்பில் மறையாக்கம் உண்டே என்பர். 2016 முதல் உண்டு. அது செய்தி செல்லும் வழியைக் காக்கும். சென்று சேர்ந்த கைப்பேசிகளை அது காக்காது. இருநூறு பேர் உள்ள குழுவில் இட்ட ஆவணம் பலருடைய படத்தொகுப்பில் தானாகவே பதிந்துவிடுகிறது. பின்னர் 'அனைவருக்கும் நீக்கு' என அழுத்தினாலும், எவரேனும் எடுத்து வைத்துக்கொண்ட நகல் நீங்காது. பழைய கைப்பேசியைக் கடையில் கொடுத்து மாற்றும்போது அதிலுள்ள ஆவணங்களும் உடன் செல்லக்கூடும். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் நகலை ஆதார் ஆணையமே வழங்குகிறது. உதவி பெறுபவரை அடையாளம் காண அதுவே நமக்குப் போதுமானது.

தனியுரிமை அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 24.8.2017 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தனிநபர் டிஜிட்டல் தரவுகளைக் காக்கும் சட்டம் 2023இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. வீட்டுப் பயன்பாட்டிற்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. ஊர் மக்களின் விவரங்களைத் திரட்டி வைக்கும் அமைப்புக்கு அந்த விலக்குப் பொருந்தும் என நாம் எண்ணியிருத்தல் தகாது. நிர்வாகத்தினர் வழக்கறிஞர் ஒருவருடன் அமர்ந்து அதை வாசித்தல் நலம்.

எனவே நிர்வாகத்திடம் நாம் வேண்டுவது: உதவி விண்ணப்பங்கள் அலுவலகத்திற்குத் தாளிலேயே வரட்டும். அனுப்பித்தான் ஆக வேண்டுமெனில் செயலாளரின் ஒரே எண்ணுக்கு மட்டும் அனுப்பி, பணி முடிந்ததும் அழித்துவிட வேண்டும். விநியோகத்தின்போது பொருட்களைப் படமெடுங்கள், மனிதர்களை வேண்டாம். இதை இவ்வாண்டுத் தீர்மானங்களில் ஒன்றாகச் சேர்த்து, வரும் ரமளானுக்கு முன்பே நடைமுறைப்படுத்தக் கோருகிறோம்.

பிறருடைய வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றி, அவர் பெயரில் உறவினரிடம் பணம் கேட்கும் மோசடியும் பரவியுள்ளது. பணம் இழந்தோர் வெட்கப்பட்டு ஒளியாமல், தாமதமின்றி 1930 என்னும் எண்ணில் புகார் செய்ய வேண்டும். இம்மோசடியைத் தடுக்க, கணக்கில் 'இரு கட்டச் சரிபார்ப்பு' அமைத்துக்கொள்வது பெரிதும் உதவும். வரும் வெள்ளியன்று அஸருக்குப் பின் நம் வாலிபர்கள் சிலர் மதரஸா கூடத்தில் அமர்ந்து அதற்கு வழிகாட்டுவார்கள். தாய்மார்களுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. கைப்பேசியுடன் வாருங்கள். ஆறு இலக்க இரகசிய எண்ணை மட்டும் அந்த வாலிபர்களிடமும் சொல்லாமல், உங்கள் கையாலேயே பதிந்துகொள்ளுங்கள்.