ஓனரிடம் சொல்லியாச்சு



பல வருஷங்களுக்கு முன் அம்பத்தூர் ஒரகடத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். ஓர் ஐப்பசி இரவு, சமையலறையில் தொப்பென்று சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் அடுப்பு மேடை முழுக்கச் சிமெண்ட் காரை. அண்ணாந்து பார்த்தேன். முறம் அகலத்துக்குக் கூரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. காலையில் ஓனரிடம் சொன்னேன். "மழை விடட்டும் சார், ஆள் அனுப்புறேன்" என்றார். தை பிறந்தது, ஆள் வரவில்லை. மறுபடி கேட்டபோது, "வசதிப்படலேன்னா வேற வீடு பாத்துக்கோங்க" என்றார். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. பத்து மாத அட்வான்ஸ் அவர் கையில். பெண்ணின் பள்ளிக்கூடம் தெருமுனையில்.

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். மழை பெய்தால் சுவரில் கை வைக்க முடியாது, ஷாக் அடிக்கும். பால்கனி சன்ஷேடு தொங்கிக்கொண்டிருக்கும். கேட்டால், "ஓனர்கிட்ட சொல்லியாச்சு" என்பார்கள்.

சொன்னால் மட்டும் போதாது. எழுதிக் கொடுக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியலே உண்டு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, கட்டடத்தின் கட்டுமானப் பழுது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின் வயரிங், வெள்ளையடிப்பது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி, கதவுப் பூட்டு போன்றவை நம் பொறுப்பு. ஆக, கூரை பெயர்வதும் சுவரில் ஷாக் அடிப்பதும் யார் கணக்கு என்பதில் சந்தேகமே இல்லை.

நியாயமான காலத்துக்குள் வீட்டுக்காரர் செய்யாவிட்டால், நாமே வேலையை முடித்துச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதத்தில் கழிப்பது அந்த மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. எழுத்தில் கேட்டும் மறுக்கிறார், வீடோ குடியிருக்கவே லாயக்கில்லை என்றால், முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காலி செய்யும் உரிமையும் உண்டு. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி மிரட்டுவதைச் சட்டம் தடுக்கிறது.

கோபத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். "ரிப்பேர் பண்ணினாத்தான் வாடகை" என்று முழு வாடகையையும் நிறுத்திவிடுகிறார்கள். வேண்டாம். இரண்டு மாத பாக்கி சேர்ந்தாலே, காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றம் போக வீட்டுக்காரருக்கு வழி பிறந்துவிடும். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது அதை நாமே கெடுத்துக்கொள்ளலாமா? ஒப்பந்தத்தையும் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து, பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சில் குடிவந்தவர்தான் முதலில் தடுமாறுகிறார்.

வழக்கு, வக்கீல் என்றாலே பயமாக இருக்கிறதா? இலவச சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கும், பட்டியலின, பழங்குடி மக்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமலே அந்த உதவி கிடைக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தம்பி, தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடமே ஆபத்து என்றால் மாநகராட்சியிலும் மனுக் கொடுங்கள். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7-ஆவது மண்டலம், புகார் எண் 1913. ஆவடிக்குத் தனி மாநகராட்சி.

விரிசல் பெரிதாகிக்கொண்டே போனால் கடிதம், மனு எதற்கும் காத்திருக்காதீர்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் இடிந்தது. 24 வீடுகள் தரைமட்டம். ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்தவர்கள் மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

என் கதையை முடிக்கிறேன். பங்குனியில் ஒரு வெள்ளைத்தாளில் தேதி போட்டு எழுதினேன். எந்த இடம், எப்போது விழுந்தது, எத்தனை முறை சொன்னேன், பதினைந்து நாளில் சரிசெய்து தர வேண்டும். அவ்வளவுதான். போட்டோ இரண்டு வைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதினோராம் நாள் கொத்தனார் வந்தார்.

மேலே சிமெண்டை அப்பிவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அவர் கம்பியைச் சுரண்டிக் காட்டினார். தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் காரையைத் தள்ளும், துருவை எடுக்காமல் பூசினால் அடுத்த மழைக்கு மறுபடி விழும் என்றார். பிறகு சுத்தியலின் பின்பக்கத்தால் கூரையைத் தட்டிக்கொண்டே அடுத்த அறைக்குப் போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது, காலிப் பானையைத் தட்டினாற்போல. நின்று, கீழே விரித்திருந்த சின்னப் பாயைப் பார்த்தார்.

"இங்கதான் பாப்பா படுக்குதா சார்?" என்று கேட்டார்.