கையிலிருக்கும் கேமராவும் ஒரு தராசுதான்

(கோவையில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

2020-ஆம் ஆண்டு நம் கோவையின் பெயரைச் சொல்லி ஒரு பொய் நாடெங்கும் உலவியது. இங்குள்ள முஸ்லிம் பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் பிற சமயத்தாருக்குத் தரும் பிரியாணியில் மலட்டு மாத்திரை கலக்கிறாராம்! இது வதந்தி என்று கோவை மாநகரக் காவல்துறையே அறிவித்தது. ஆனால் அந்த மறுப்பு போய்ச் சேர்வதற்குள் பொய் எத்தனை ஊர் சுற்றி வந்திருக்கும்? சிந்தித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட பொய் வரும்போது நாம் செய்வது என்ன? "பாருங்கள் இந்த அநியாயத்தை" என்று அதே வீடியோவைப் பத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புகிறோம். பொய் சொன்னவனுக்குக் கூலி வாங்காத வேலைக்காரர்களாக நாமே ஆகிவிடுகிறோம்!

1997 நவம்பர் இறுதியில் இந்நகரில் நம் மக்கள் 18 பேர் கொல்லப்பட்டார்கள், கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் பறிபோயின. அந்த நாட்களில் நம்மைப் பற்றி எழுதியவர்கள் வேறு யாரோ. நம்மிடம் பேனா இல்லையே என்று வருந்தினோம். இன்று ஒவ்வொரு இளைஞர் கையிலும் கேமரா இருக்கிறது. அதை வைத்து என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

சகோதரர்களே! புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தைப் பாருங்கள். பெரியதம்பி என்ற முதியவரும் அவருடைய பேரப்பிள்ளைகளும் 2018-இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்ற யூடியூப் சேனலைத் தொடங்கினார்கள். வயல்வெளியில் அடுப்பு மூட்டினார்கள். என்ன போடுகிறோம் என்பதைப் பெயர் சொல்லிக் கண்முன்னே போட்டார்கள். சமைத்ததை ஊர் முதியவர்களுக்குப் பரிமாறினார்கள். 2021-இல் தமிழ் சேனல்களிலேயே முதலாவதாக ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டினார்கள். அதே ஆண்டு முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். "எங்களை நம்புங்கள்" என்று அவர்கள் கேட்கவில்லை. மறைக்காமல் காட்டினார்கள், மக்கள் நம்பினார்கள்.

நமக்குரிய பாடம் இதுதான். மாத்திரைப் பொய்க்கு மறுப்பு ஆவேச உரையன்று, திறந்த சமையற்கூடம். அதுவும் வதந்தி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே!

எப்படிச் செய்வது? வணிகருக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்கிறேன்.

முதலாவது, எடை சரியாக இருக்கட்டும். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து ஓர் அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-வது வசனம் இடும் கட்டளை. 'யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார்' என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து ஹதீஸ்களைத் தொகுத்த அறிஞர்களின் வழிவந்த நாம், வந்ததையெல்லாம் அப்படியே தள்ளிவிடலாமா? 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் பலர் திருப்பூரையும் கோவையையும் விட்டு ரயில் ஏறினார்கள். நாலு நிமிட வீடியோ பனியன் கம்பெனியையே முடக்கிவிடும், நினைவிருக்கட்டும்.

இரண்டாவது, வாடிக்கையாளரை வாசலில் காக்க வைக்காதீர்கள். விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஒரு வீடியோவுக்கு ஒரு விஷயம் போதும். "அரிசி எதுங்க, எண்ணெய் எதுங்க, விலை என்னங்க" என்று கடைக்கு வருபவர் கேட்பது எதுவோ, அதுவே உங்கள் தலைப்பு. சட்டையில் மாட்டும் சிறு மைக் ஒன்று வாங்குங்கள். டவுன்ஹால் இரைச்சலில் உங்கள் குரல் அமுங்கிவிடக் கூடாது. பேசுவதை எழுத்தாகவும் கீழே போடுங்கள். பேருந்தில் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்ப்பவர் பலர். கடையைக் குறித்த நேரத்தில் திறப்பதுபோல், வாரத்தில் குறித்த நாளில் வெளியிடுங்கள்.

மூன்றாவது, கூலி வாங்கினால் கூலி என்று சொல்லுங்கள். பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்ந்தால், அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டியிருக்கிறது. மக்களை ஏமாற்றும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் இருக்கட்டும், சரக்கின் குறையை மறைத்து விற்பது ஹலாலான வியாபாரமா?

நான்காவது, வாடகைக் கட்டடத்தை மட்டும் நம்பாதீர்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அங்கு மட்டுமே கடை விரித்திருந்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றார்கள். உங்கள் வீடியோக்களின் பிரதியை உங்களிடமே வைத்திருங்கள். வாடிக்கையாளர்களின் எண்களை அவர்கள் சம்மதத்தோடு குறித்து வையுங்கள்.

இளைஞர்களே! எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு உங்களை மயக்க வேண்டாம். ஆத்திரத்தைக் கிளப்பினால் ஒரே நாளில் லட்சம் பேர் பார்ப்பார்கள். ஆனால் அதில் ஒருவர்கூட உங்கள் கடைப்படி ஏறமாட்டார். நமக்குத் தேவை லட்சம் பேரின் கைத்தட்டல் அல்ல. பக்கத்துத் தெருவில் வாழும் நூறு குடும்பங்களின் நம்பிக்கை.

நாளை இன்னொரு வதந்தி வரலாம். அன்று நாம் வாய் திறப்பதற்கு முன்பே, நம் மாற்றுமத அண்டைவீட்டார் எழுந்து, "அந்தக் கடையில் என்ன போடுகிறார்கள் என்று நான் வாராவாரம் பார்க்கிறேன், பேசாமல் போங்க" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வைப்பதற்கான வேலையை நாளைக் காலை அடுப்பு மூட்டும்போதே தொடங்குங்கள்.

உண்மையை உரைக்கும் நாவையும் நேர்மையாக அளக்கும் கையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.