கண்ணாடிக் குவளையில் ஒரு கிழங்கு



கண்ணாடிக் குவளையில் தண்ணீரை நிரப்பி, அதன் வாயில் ஒரு கிழங்கை இருத்தி, மண்ணே இல்லாமல் பூக்க வைக்கிறார்கள். வாகரை போன்ற கடலோர ஊரில் இந்தக் கலை எடுபடுமா? எடுபடும். ஆனால் கிழங்கை நாம்தான் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும்.

ஐரோப்பாவில் இது ஏறக்குறைய முந்நூறு ஆண்டுப் பழக்கம். 1730ஆம் ஆண்டை ஒட்டி, சுவீடன் நாட்டு மார்ட்டின் டிரீவால்ட், தண்ணீர்ப் போத்தல்களின் மேல் கிழங்குகளைப் பூக்கவைத்த விபரத்தை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பிரான்சில் அரசவைச் சீமாட்டி மதாம் பொம்பதூர் அரண்மனை அறைகளில் ஹயசிந்த் என்ற கிழங்குப் பூக்களை இப்படி வளர்க்கச் செய்தார்.

இதற்கென்றே செய்த குவளையின் அமைப்பு அருமையானது. கழுத்து இறுகி, மேலே கிண்ணம்போல விரியும். கிழங்கு கிண்ணத்தில் இருக்கும். தண்ணீர் அதன் அடியைத் தொடாமல் சற்றுக் கீழே நிற்கும். அடி நனைந்தால் கிழங்கு அழுகிவிடும். வேர் மட்டும் ஈரத்தை நாடி இறங்கும்.

ஹயசிந்த் துருக்கி, சிரியா பக்கத்துச் செடி. பத்துப் பன்னிரண்டு வாரம் ஒன்பது பாகை செல்சியசுக்கும் குறைந்த குளிரில் கிடந்தால்தான் அதன் பூந்தண்டு ஒழுங்காக நீளும். நமது வெக்கைக்கு அது சரிவராது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் பக்கத்தில் பழுத்த பழம் இருந்தால், அது விடும் எதிலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டையே கெடுத்துவிடும். இவ்வளவு பாடுபட்டுப் பூத்தாலும், அந்தக் கிழங்கை இங்கே மறுபடி பூக்கவைப்பது அரிது. ஆகவே அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அதற்குப் பதிலாக அமரில்லிஸ் என்று விற்கும் பெரிய சிவப்பு லில்லியை எடுங்கள். தென்னமெரிக்க வெப்பநாட்டுக் கிழங்கு அது. அதற்குக் கடுங்குளிர் தேவையில்லை, ஓய்வு போதும். இரண்டு மாதம் தண்ணீர் விடாமல் காயவிட்டு, பிறகு குவளையில் ஏற்றலாம். பூத்து முடிந்ததும் மண்ணில் நட்டு இலைகளை வளரவிட்டால் கிழங்கு மீண்டும் தேறும்.

பிள்ளைகளுக்கோ ஒரு ஜாம் போத்தலும் வெங்காயமும் போதும். ஈர்க்குத் துண்டுகளைக் குறுக்கே வைத்து அதன்மேல் வெங்காயத்தை இருத்துங்கள். சில நாட்களில் அடித்தட்டின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக அரும்பும். அவை நூலாக நீண்டு தண்ணீரைத் தொடும். அதன் பிறகு பச்சைத் தாள் விறுவிறுவென்று எழும். வேர் முந்தியது, தாள் பிந்தியது என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காணும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. கடலோரக் கிணற்றுநீர் உவராக இருந்தால் மாரி மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பாவியுங்கள். இரண்டாவது, டெங்கு. 2017இல் இலங்கையில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது கண்டது. அதைப் பரப்பும் நுளம்பின் முட்டை கண்ணாடியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். ஆதலால் ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். மூன்றாவது, அழகுக்காக ஆற்றுவாழையைக் கொண்டுவந்து வளர்க்க வேண்டாம். அழகுச் செடியாக இந்நாட்டுக்கு வந்த அதை அடக்க 1909லேயே சட்டம் போட வேண்டியிருந்தது. இன்றும் அது வாவிகளை மூடிக்கொண்டுதான் இருக்கிறது.

பூவுக்காக மட்டும் என்றால் முற்றத்து மண்ணே போதும். மண் மறைத்து வைக்கும் வேலையை நம் கண்முன் காட்டுவதே இந்தக் கலையின் பெருமை. நம் பள்ளிக்கூட யன்னல்களில் இப்படி வரிசையாகப் போத்தல்கள் இருக்க வேண்டுமென்று நான் மனதார விரும்புகிறேன். ஆசிரியர்களே, அடுத்த மாரியில் தொடங்கிப் பாருங்கள்.