மாவுப்பூச்சிக்கு மருந்து டப்பாவில் இல்லை
(ஆர்ப்பாட்ட விளக்கக் கூட்டத்தில் நமது சங்கச் செயலாளர் பேசியது)



நேரா விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல குச்சிக்கிழங்கு போட்டவங்கதான். செடியோட கொழுந்து கொத்தாகச் சுருண்டு, கணு குட்டையாகி, இலைக்கு அடியில மாவைத் தூவின மாதிரி வெள்ளையா இருந்தா அது மாவுப்பூச்சி. அது யாருக்கும் புதுசா சொல்ல வேண்டியதில்லை. அதுக்கு எத்தனை தடவை மருந்து அடிச்சோம், என்ன ஆச்சு என்பதுதான் இன்னைக்குப் பேச்சு.

மரவள்ளியைத் தாக்கும் இந்தப் புதுப் பூச்சி இந்தியாவில் 2020ஆம் ஆண்டு கேரளத்தில் திருச்சூரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே வருசம் சேலம், நாமக்கல் பக்கமும் வந்துருச்சு. பிறந்த இடம் தென் அமெரிக்கா. இதுல ஆண் பூச்சியே தேவையில்லை. ஒரு பெட்டை தனியாகவே நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். ஊர் விட்டு ஊர் போறது பெரும்பாலும் விதைக்குச்சி மூலமாகத்தான். ஒரு லாரி குச்சி ஏத்தினா அதோட பூச்சியும் ஏறி வருது.

மருந்து ஏன் கேட்கலை? பூச்சி மேல மெழுகுப் பூச்சு இருக்கு. அடிச்ச மருந்து மேல பட்டு வழிஞ்சு போகுது. போதாததுக்கு அது சுருண்ட கொழுந்துக்கு உள்ளே உட்கார்ந்திருக்கு. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணி என்று வைங்க, 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டு பதிமூணு டேங்க். முதுகுல சுமந்து அடிக்கிற ஆளைக் கேட்டுப் பாருங்க, ஒவ்வொரு கொழுந்தையும் விரிச்சா அடிக்க முடியும்? மேல இருக்கிற பூச்சி சாகும். உள்ளே இருக்கிறது பத்து நாளில் திரும்ப ஏறும். ஆனா அந்த மருந்துல பொறிவண்டு சாகும், கண்ணாடி இறக்கைப் பூச்சி சாகும், சிலந்தி சாகும். அதுகளுக்கு மெழுகுச் சட்டை கிடையாது. பூச்சியைத் தின்கிறவனைக் கொன்னுட்டு பூச்சியை மட்டும் காப்பாத்தி வச்சிருக்கோம். மறுபடி கடைக்குப் போனா, "போன மருந்து வேலை செய்யலையா, இதோட அதைக் கலந்து அடிங்க" என்று ரெண்டு டப்பா தர்றாங்க. படிச்ச அலுவலர் வயலுக்கு வர்றதில்லை. கடைக்காரர்தான் நமக்கு டாக்டர்.

இதுக்கு ஒரு வழி இருக்கு, அது பரீட்சை எழுதி ஜெயிச்ச வழி. 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூரில் தெரிஞ்சது ஞாபகம் இருக்கும். பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு, செம்பருத்தி, பார்த்தீனியம் வரைக்கும் எதையும் விடலை. பட்டுப்புழு வளர்த்தவங்க மல்பெரியைப் பிடுங்கிப் போட்டாங்க. மல்பெரிக்கு மருந்து அடிச்சா புழு செத்துப் போகும், அடிக்காட்டி இலை இல்லை. 2010இல் பெங்களூரில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிகோவில் இருந்து குட்டிக் குளவிகளை வரவழைச்சது. அசிரோபேகஸ் பப்பாயே என்று பேர். பேர் வாயில் நுழையாட்டி பரவாயில்லை, வேலை நடந்தது. வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதுல குளவியைப் பெருக்கி, விவசாயிகளுக்குக் கொடுத்தாங்க. சில மாசத்தில் பூச்சி அடங்கியது. மூணு வருசம் மருந்துக்கடையால முடியாததை, கண்ணுக்குச் சரியாத் தெரியாத குளவி முடிச்சது.

இப்போ வந்திருக்கிறது வேற மாவுப்பூச்சி; இதுக்கு வேற குளவி. அனகைரஸ் லோபேசி. ஆப்பிரிக்காவில் 1970களில் இந்தப் பூச்சி புகுந்து மரவள்ளியையே நம்பி உயிர் வாழும் சனங்க சோத்துல கை வச்சது. பராகுவேயில் இந்தக் குளவியைத் தேடிப் பிடிச்சு 1981இல் நைஜீரியாவில் விட்டாங்க. அப்புறம் நாடு நாடாப் போச்சு. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைச்சது. தாய்லாந்தும் 2009இல் பெனின் நாட்டில் இருந்து வாங்கிப் பலன் கண்டது. நம்ம நாட்டுக்கும் பெனினில் இருந்துதான் கொண்டு வந்தாங்க. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

குளவி என்ன செய்யும் தெரியுமா? மாவுப்பூச்சி உடம்புக்குள்ளே முட்டையைச் செருகும். புழு உள்ளேயே தின்னும். பூச்சி உப்பி, பழுப்பாகிக் காய்ஞ்சு கூடு மாதிரி ஆயிடும். அதுல ஓட்டை போட்டு அடுத்த குளவி வெளியே வரும். இனி கொழுந்தை விரிச்சுப் பார்க்கும்போது வெள்ளையை மட்டும் பார்க்காதீங்க. பழுப்புக் கூடும் ஓட்டையும் இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த வயலில் மருந்துப் பம்பைத் தொடக் கூடாது. பக்கத்து வயல்காரர் அடிச்சாலும் குளவி சாகும். அதனாலதான் இதை ஒரு ஆள் தனியாச் செய்ய முடியாது, ஊரே சேர்ந்து செய்யணும் என்கிறோம். எறும்பு ஏறுதான்னும் பாருங்க. மாவுப்பூச்சி விடுகிற தேன் கழிவுக்காக எறும்பு அதுக்குக் காவல் நிக்கும், குளவியை நெருங்க விடாது.

சரி, இவ்வளவு நல்ல குளவி ஏன் நம்ம கைக்கு வரலை? நம்ம வட்டாரத்துக்கு எத்தனை வந்தது, யார் வயலில் விட்டீங்க என்று எழுத்து மூலமாகக் கேட்டோம். "இருப்பு இல்லை" என்று வாய்வழிப் பதில். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. குளவியை ஒருதரம் விட்டா தானாப் பெருகும். வருசா வருசம் விற்க முடியாது. லாபம் இல்லாத சரக்கை எந்தக் கம்பெனியும் செய்யாது. அரசாங்கம்தான் செய்யணும், இலவசமாச் செய்யணும். வட்டாரத்துக்கு ஒரு வளர்ப்புக்கூடம் வேணும். மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தா நம்ம வீட்டுப் பெண்களே நடத்துவாங்க. பூச்சி இல்லாத விதைக்குச்சிக்குத் துறை சான்று தரணும்.

அடுத்தது மருந்து விற்பனைக்குக் கட்டுப்பாடு. 2017இல் மகாராஷ்டிரத்தில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடிச்ச இருபது பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம்தான் சில மருந்துகளை 60 நாளைக்குத் தடை பண்ணினாங்க. ஏன் 60 நாள்? 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மாநிலத்துக்குக் கொடுத்த அதிகாரம் அவ்வளவுதான். நீட்டிச்சா இன்னும் 30 நாள். நிரந்தரத் தடைக்கு டெல்லி வாசலில் நிக்கணும். எண்டோசல்பானுக்குக் காசர்கோட்டு சனங்க எத்தனை வருசம் போராடினாங்க! 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நின்னது. மாநில அரசுக்கு முழு அதிகாரம் வேணும் என்பது நம் கோரிக்கை. அதுவரைக்கும், சிவப்பு முக்கோணம் போட்ட மருந்தை அலுவலர் எழுத்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. டப்பாவோட தமிழ்த் துண்டுத்தாள் கண்டிப்பாத் தரணும், அதுவும் கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில. பில் கேட்டுத்தான் வாங்கணும் என்ற நிலை மாறணும். பில் தர்றது கடைக்காரர் கடமை, விதியிலேயே இருக்கு.

கடைக்காரங்க மேல நமக்குத் தனிப்பட்ட பகை இல்லை. பல பேர் நம்ம சொந்தக்காரங்கதான்.

வர்ற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம். வீட்டுக்கு ஒருத்தர் வாங்க. மருந்து அடிக்கிற கூலித் தொழிலாளிகளையும் கூட்டி வாங்க, மூச்சடைக்கிறது அவங்களுக்குத்தான். ரெண்டு வருசத்து மருந்து பில் கையில் இருக்கிறதைக் கொண்டு வாங்க, மனுவோட சேர்த்துக் கொடுக்கணும். பூச்சி தாக்கின செடியை மட்டும் யாரும் ஒடிச்சு எடுத்து வர வேண்டாம். வழியெல்லாம் பூச்சி உதிரும். மனுவில் கையெழுத்துப் போடாதவங்க மேடைக்கு இடது பக்கம் தம்பிகள் நோட்டு வச்சிருக்காங்க, போட்டுட்டுப் போங்க.