நோயாளியின் வாய்ச்சொல்லுக்கும் மதிப்பு வேண்டும்

(ஜூஜுவாடியில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், சிறுநீரக வியாதிக்காரர்களிடம் டேப்லெட் மூலம் கேள்வி கேட்டு, அவர்கள் படும் பாட்டை அவர்கள் சொன்னபடியே பதிவு செய்யும் முறையைப் பற்றியதாகும். டேப்லெட் என்றவுடன் மாத்திரை என்று கருதிவிட வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டளவு உள்ள கருவியையே சொல்லுகின்றோம்.

வியாதியைத்தான் ரத்தப் பரிசோதனை காட்டிவிடுகிறதே, நோயாளியை வேறு எதற்குக் கேட்பது என்று சிலர் கேட்கலாம். கிரியாட்டினின், யூரியா, பொட்டாசியம் எவ்வளவு என்று பரிசோதனை சொல்லும். ஆனால் டயாலிசிஸ் இயந்திரத்தில் 4 மணி நேரம் படுத்தெழுந்தவனுக்கு அன்று மாலை எழுந்து நடக்கத் தெம்பு இருந்ததா, இரவெல்லாம் அரிப்பில் தூங்கினானா, காலில் சதை பிடித்து இழுத்ததா என்பதை எந்தச் சோதனைக் குழாய் சொல்லும்? அதை அனுபவிக்கிறவன்தானே சொல்ல வேண்டும்? இதற்கென்றே 36 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று பல நாடுகளில் வழக்கத்திலிருக்கிறது. கடந்த 4 வாரங்களில் எப்படி இருந்தீர்கள் என்பதே அதிலுள்ள பல கேள்விகளின் சாரம்.

நோயாளி தானாகவே சொல்லிவிட மாட்டானா என்றால், சொல்லுவதில்லை என்பதுதான் உண்மை. 2017இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆராய்ச்சியில், அரிப்பால் ஓயாது துன்பப்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளிலேயே 100க்கு 17 பேர் அதை ஆஸ்பத்திரியில் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கண்டார்கள். நம் நாட்டிலோ கேட்க வேண்டியதில்லை. தலையெழுத்து என்கிறான் ஒருவன். முன்ஜென்மப் பாவம் என்கிறான் மற்றொருவன். டாக்டர் கோபித்துக் கொள்ளுவார் என்கிறான் வேறொருவன். பெண்களோ, தங்கள் வலியைச் சொல்லுவதே குடும்பத்திற்குச் செலவு என்று வாயை மூடிக் கொள்ளப் பழக்கப்பட்டவர்கள். தலையெழுத்தைப் படித்தவன் எவனுமில்லை. டேப்லெட்டில் உள்ள எழுத்தையோ யாரும் படிக்கலாம்.

இதனால் என்ன பலன் என்று கேட்பது நியாயமே. நியூயார்க்கில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் 766 பேரை வைத்துச் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 26 மாதம். தங்கள் உபாதைகளைக் கருவியில் பதிந்து வந்தவர்களுக்கு அது 31 மாதம் என்று 2017இல் முடிவு வெளியாயிற்று. புற்றுநோயில் கண்டது சிறுநீரக வியாதிக்கும் அப்படியே பொருந்தும் என்று நாம் சாதிக்க வரவில்லை. அங்கே கருவி யாரையும் குணப்படுத்தவில்லை. உபாதை அதிகமானால் உடனே நர்சுக்குத் தகவல் போயிற்று, நர்சு கவனித்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம். பதிலைப் பார்த்து நடவடிக்கை எடுக்க ஆளில்லாவிட்டால் டேப்லெட்டும் ஓர் உண்டியலே. போடலாம், திரும்ப ஒன்றும் வராது.

நமது ஜில்லாவிற்கு இது புதிதுமல்ல. வீடு தேடி வரும் மருத்துவத் திட்டம் 5-8-2021இல் தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில்தான். சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதன்மையான ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டிற்கே வருகிறது. வயிற்றின் வழி டயாலிசிஸ் செய்து கொள்ளுகிறவர்களுக்குத் திரவப் பையும் தருகிறார்கள். பை கொண்டு வருகிறவர் நாலு கேள்வியும் கேட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் இந்த எல்லையூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. ஆலைகளுக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளிகளும் இருக்கிறார்கள். ஆகையால் கேள்வி அவரவர் பாஷையில் வர வேண்டும். எழுத்தறியாதவருக்குக் கருவி வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். மனைவிக்காகப் புருஷனோ, மருமகளுக்காக மாமியாரோ பதில் சொல்லக் கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, அந்தப் பதில் கண்டிராக்டர் கைக்குப் போகக் கூடாது. வியாதி தெரிந்தால் வேலை போகும் என்று பயப்படுகிறவன் எப்படி உண்மை சொல்லுவான்? தகவல் பாதுகாப்புக்கு 2023இல் சட்டம் செய்திருக்கிறார்கள். அது ஏட்டோடு நின்றுவிடக் கூடாது.

ஆகவே தோழர்களே! கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று கேளுங்கள். சொன்ன பின் என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள் என்று சொல்லி, இத்துடன் முடித்துக் கொள்ளுகின்றோம்.